தெருவின் செய்தியிலிருந்து தெருவின் கோரிக்கை வரை: குடியிருப்புப் பகுதி இயக்கத்துக்கு முழுமையான வழிகாட்டி

1978-இல் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு தொடர் செய்தியைப் படித்தார். லவ் கெனால் என்ற பழைய கால்வாயில் ரசாயன நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்து மூடியிருந்தது. அதன் மேல்தான் அவருடைய மகன் படித்த பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. பள்ளியை மூடச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். முதல் கதவைத் தட்டினார், யாரும் திறக்கவில்லை. பயம் வந்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். அப்புறம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி போனார். அந்த ஆகஸ்டிலேயே மாநில அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. சில ஆண்டுகளில் 800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டன. 1980 டிசம்பரில் நச்சுக் கழிவு நிலங்களைச் சுத்தம் செய்வதற்கென்றே தேசியச் சட்டம் வந்தது.

இதில் என்னைத் தொடுவது நிகழ்ச்சிகளின் வரிசை. முதலில் செய்தி, அதற்கு அடுத்துதான் மனுவும் கதவும். நம்மில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிரச்சினை முற்றிய அன்று மனு எழுதுகிறோம், முன்பின் பழக்கமில்லாத வீடுகளில் கையெழுத்துக் கேட்கிறோம், யாரும் வரவில்லையே என்று மனம் நொந்துபோகிறோம். ஆறு மாதம் உங்கள் கையிலிருந்து உண்மையான சின்னச் சின்னச் செய்திகளைப் படித்து வந்த தெரு, நீங்கள் மனுவோடு போகும்போது கதவைத் திறக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

படி 1: நடந்து பாருங்கள்

உங்கள் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வார்டு எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரே மாலையில் எல்லா வீடுகளுக்கும் தாள் போட்டுவிட்டு வர முடிகிற அளவு இருந்தால் போதும். முந்நூறு, நானூறு வீடுகள் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஆட்களின் முகம் மறந்துவிடும்.

அந்த எல்லைக்குள் மூன்று முறை நடங்கள்: பள்ளி நேரத்துக் காலையில், வேலை நாளின் மதியத்தில், இரவு பத்து மணிக்கு. மூன்றும் மூன்று வேறு இடங்களாகத் தெரியும். இரவில் எரியாத விளக்கு காலையில் கண்ணில் படாது. பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது தாய்மார்கள் எங்கே நின்று தயங்குகிறார்கள் என்பது இரவில் தெரியாது. கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பார்த்ததை மட்டும் குறியுங்கள். காரணம் எழுத வேண்டாம், அது பிறகு.

போக்குவரத்து அதிகமான தெருக்களில் கூடுதலாக ஒரு நடை போங்கள். அதற்குக் காரணம் உண்டு. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு ஏறக்குறைய 2,000 வண்டிகள் போன தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்களும் 6-க்கு மேல் தெரிந்தவர்களும் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போன தெருவில் நண்பர்களின் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. அதாவது, உங்கள் பகுதியிலேயே அதிகம் அவதிப்படும் தெருதான் ஒருவரையொருவர் அறியாத தெருவாகவும் இருக்கும். அங்கிருந்து தானாகக் குரல் வரும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள்தான் போக வேண்டும்.

படி 2: நாலு பேரைச் சேருங்கள்

நாலு பேர் போதும். நாற்பது பேர் இருந்தால் யார் செய்வது என்று தெரியாமல் யாருமே செய்யாமல் போகும். ஒருவர் எழுதுபவர், ஒருவர் சரிபார்ப்பவர், ஒருவர் வீடுகளுக்குப் போகிறவர், ஒருவர் கோப்பும் கணக்கும் வைத்திருப்பவர். எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடினால் வாடகைக்கு இருப்பவர்களின் சிக்கல் செய்தியாகாது. மாடியில் இருப்பவர்கள் மட்டும் கூடினால் தரைத்தளத்தில் தண்ணீர் புகுவது தெரியாது. வீட்டு வேலைக்கு வருபவர், காவலாளி, குப்பை எடுப்பவர், தபால்காரர் ஆகியோர் தெருவை நம் எல்லோரையும்விட அதிகம் அறிந்தவர்கள். அவர்களைக் குழுவில் உட்கார வைக்க முடியாவிட்டாலும் வாரம் ஒருமுறையாவது நின்று பேசுங்கள்.

படி 3: செய்தி மடலைத் தொடங்குங்கள்

ஒரு தாள், இரண்டு பக்கம், மாதம் ஒருமுறை. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முதல் இதழ் எட்டுப் பக்கமாக அமர்க்களமாக வந்து மூன்றாவது இதழோடு நின்றுபோன மடல்களை நான் பார்த்திருக்கிறேன். தேதி தவறாமல் வருவதுதான் மதிப்பைத் தரும். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால், மழையானாலும் முதல் சனிக்கிழமை.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும், வேலைதான் வேறு. அவசரத்துக்கு வாட்ஸ்அப். தண்ணீர் வராது, மின்சாரம் நிற்கும், பிள்ளையைக் காணவில்லை என்பதெல்லாம் அங்கே போகட்டும். ஆனால் அங்கே போட்ட செய்தி மாலைக்குள் மேலே போய் மறைந்துவிடுகிறது. குழுவில் இல்லாதவர்களுக்கு அது வரவே வராது, குழுவில் இல்லாதவர்களோ பெரும்பாலும் வயதானவர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும்தான். காகிதம் வீட்டு மேசையில் கிடக்கும், யாராவது எடுத்துப் படிப்பார்கள். ஒரு வருடம் கழித்து ஒரு அதிகாரியின் முன் எடுத்து வைக்கவும் அது உதவும். குழுவில் யார் எதைப் போடலாம் என்பதற்கு மூன்று விதிகள் எழுதி வையுங்கள்: பகுதிக்கு வெளியே நடந்தது வேண்டாம், பார்க்காததைப் பரப்ப வேண்டாம், தனி ஆட்களைப் பற்றிப் பேச வேண்டாம்.

சரி, எதை எழுதுவது? ஒரு உதாரணம் பாருங்கள்.

முதல் வகை: "இருளில் மூழ்கிய தெரு! அதிகாரிகளின் அலட்சியத்தால் மக்கள் கடும் அவதி!"

இரண்டாம் வகை: "மேற்குத் தெருவில் 7 விளக்குகளில் 4 விளக்குகள் 11 நாட்களாக எரியவில்லை. 3-ஆம் தேதி காலை புகார் பதிவானது. பராமரிப்புப் பிரிவிலிருந்து 9-ஆம் தேதி ஒருவர் வந்து பார்த்தார். கம்பி மாற்ற வேண்டும் என்றார். மாற்றும் தேதி சொல்லப்படவில்லை. அடுத்த இதழில் நிலவரம் சொல்கிறோம்."

முதலாவதைப் படித்தவர் பெருமூச்சு விடுவார். இரண்டாவதைப் படித்தவர் அடுத்த முறை அந்தத் தெருவில் போகும்போது விளக்குகளை எண்ணுவார். எண்ணத் தொடங்கிய மனிதர் பாதி நம்மோடு வந்துவிட்டார். அதே தாள் பராமரிப்புப் பிரிவு ஊழியரின் கைக்குப் போனாலும் அவர் கோபப்பட அதில் ஒன்றும் இல்லை.

எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் யார் பார்த்தார், எப்போது, எப்படித் தெரியும் என்று நோட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். குறை சொல்லப்படும் தரப்பை அச்சுக்கு முன்பே கேளுங்கள், அவர்கள் பதிலையும் போடுங்கள். பதில் தரவில்லை என்றால் எந்தத் தேதியில் கேட்டோம் என்று போடுங்கள். தனி மனிதர்களின் பெயரை, பிள்ளைகளின் படத்தை, எந்த வீட்டில் சண்டை என்பதை எல்லாம் தொடவே வேண்டாம். அவதூறு வழக்கு ஒரு காரணம்தான். பக்கத்து வீட்டாரை ஒருமுறை காயப்படுத்திய மடலை அந்தத் தெரு பிறகு நம்புவதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தவறு நேரும். நேர்ந்தால் அடுத்த இதழில், முதல் பக்கத்தில், எது தவறு, எது சரி என்று இரண்டே வரியில் போடுங்கள். நான் நடத்திய மடலில் ஒருமுறை குடிநீர்க் குழாய் மாற்றும் தேதியைத் தவறாகப் போட்டுவிட்டோம். பல வீடுகளில் அன்று தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. மன்னிப்பைப் பெரிய எழுத்தில் போட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்குத் தகவல் தருபவர்கள் கூடினார்கள்.

மடல் முழுவதும் குறையாகவே இருந்தால் படிப்பவருக்கு அலுத்துப்போகும். தெருவில் ஒரு மரம் பூத்தது, ஒரு பாட்டிக்கு எண்பது வயது நிறைந்தது (அவர் சம்மதத்தோடு), உடைந்திருந்த பெஞ்சை யாரோ சரிசெய்தது எல்லாம் செய்திதான். சரிசெய்தவருக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள், அவர் நகராட்சி ஊழியராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பாராட்டை யாரும் அவருக்கு எழுத்தில் தந்திருக்கமாட்டார்கள்.

படி 4: ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்தாறு இதழ் வந்ததும் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தாள்களே சொல்லும். அதிலிருந்து ஒன்றை எடுங்கள். பன்னிரண்டு அம்சக் கோரிக்கை வேண்டாம். பன்னிரண்டைக் கொடுத்தால் அலுவலகம் தனக்கு எளிதான இரண்டைச் செய்துவிட்டு நன்றிக் கடிதம் எதிர்பார்க்கும்.

எதை எடுப்பது என்பதற்கு நான் பார்ப்பவை மூன்று. பலருக்கு அது வலிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட அதிகாரி கையெழுத்துப் போட்டால் அது நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நடந்துவிட்டதா இல்லையா என்பதை யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். "தெருவைப் பாதுகாப்பானதாக ஆக்குங்கள்" என்பதில் கடைசி இரண்டும் இல்லை. "பள்ளி வாசலில் வேகத்தடையும் கடக்கும் கோடுகளும் அடுத்த கல்வியாண்டுக்குள் வேண்டும்" என்பதில் மூன்றும் இருக்கிறது.

கோரிக்கையின் அளவு பற்றி நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவின் கதை நல்ல பாடம். அந்தப் பூங்காவின் நடுவே ஏற்கெனவே வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. அதைப் பெரிய சாலையாக்கும் திட்டத்தை, நகரின் கட்டுமானங்களை எல்லாம் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் கொண்டுவந்தார். 1952-இல் ஷிர்லி ஹேஸ் என்ற, அருகில் குடியிருந்த பெண்மணி எதிர்ப்புக் குழுவைத் தொடங்கினார். அகலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்ற சமரச யோசனைகள் பல வந்தன. அவர் எதற்கும் இணங்கவில்லை. பூங்காவுக்குள் வண்டியே வேண்டாம் என்றார். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளரும் இந்த இயக்கத்தில் சேர்ந்தார். 1955-இல் அதே பகுதியில் தொடங்கிய தி வில்லேஜ் வாய்ஸ் என்ற வாரப் பத்திரிகை இதைத் தொடர்ந்து எழுதியது.

இதில் அவர்கள் கையாண்ட ஒரு நுட்பத்தை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். நிரந்தரமாக மூடு என்று அடம்பிடித்து நிற்காமல், சோதனையாக மூடிப் பாருங்கள் என்று கேட்டார்கள். மூடினால் சுற்றியுள்ள தெருக்கள் திணறிப்போகும் என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. 1958 நவம்பரில் சோதனை தொடங்கியது. சுற்றுத் தெருக்கள் திணறவில்லை. அதன் பிறகு கார்களுக்கு அந்த வழி திறக்கப்படவே இல்லை. சோதனைக்கு ஒப்புக்கொள்வது எந்த அதிகாரிக்கும் எளிது. பிழையானால் பின்வாங்கலாம் என்ற தெம்பு அவருக்கு இருக்கும். உங்கள் இலக்கை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் அடியை மட்டும் "மூன்று மாதச் சோதனை" என்று கேளுங்கள்.

படி 5: ஆதாரத்தைத் திரட்டுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீணாகும்.

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ, இறப்புகள் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் கண்டார். அவர் சொன்னதைக் கேட்டு செப்டம்பர் 8-ஆம் தேதி குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிறகு அந்த இறப்புகளை அவர் தெரு வரைபடத்தில் வரைந்து வெளியிட்டார். இந்தப் பகுதி பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற உள்ளூர்த் துணைப் பாதிரியார். ஸ்னோ சொல்வது தவறு என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அதைத் தவறென்று காட்டவே வீடு வீடாகப் போய் விசாரித்தார். அந்த மக்கள் அவருக்குப் பழக்கமானவர்கள் என்பதால் அந்நியரிடம் சொல்லாததையும் அவரிடம் சொன்னார்கள். கடைசியில், கிணற்றை ஒட்டிய 40-ஆம் எண் வீட்டில் நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் அழுக்குத் துணிகளை அலசிய நீர் கழிவுக் குழியில் கொட்டப்பட்டதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தக் குழி கிணற்றுக்குக் கசிந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒயிட்ஹெட்தான் முன்மாதிரி. உங்கள் கருத்து தவறாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு எண்ணுங்கள். அப்போதுதான் எண்ணிக்கை மற்றவர் முன் நிற்கும்.

செய்முறைக்கு வருவோம். வண்டிகளை எண்ணுவதாக இருந்தால் ஒரே இடத்தில், இரண்டு பேர் தனித்தனியாக, பதினைந்து பதினைந்து நிமிடமாக எண்ணுங்கள். இருவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் போதாது. வேலை நாள் இரண்டு, விடுமுறை நாள் ஒன்றாவது வேண்டும். மழைநீர் தேங்குவதாக இருந்தால் சுவரில் சுண்ணக்கட்டியால் மட்டம் குறித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எடுத்த படத்தில் எந்த இடம் என்று தெரியும்படி வீட்டு எண்ணோ கம்பத்து எண்ணோ இருக்கட்டும். தேதியும் நேரமும் நோட்டில் இருக்கட்டும். உடல்நலக் கேள்வியாக இருந்தால் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியை, ஒரே சொற்களில் கேளுங்கள். தொல்லை இல்லாத வீடுகளையும் எழுதுங்கள். அவற்றை விட்டால் உங்கள் கணக்கு புகார்ப் பட்டியலாகவே நின்றுவிடும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வையுங்கள். லவ் கெனாலில் அப்படி வைத்தபோதுதான், நோய்கள் பழைய ஓடைகளின் தடத்தை ஒட்டி வருவது தெரிந்தது.

அளக்கும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் அங்கே குடிநீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். தண்ணீரில் நிறமும் நாற்றமும் வந்தன, மக்கள் முறையிட்டார்கள். அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. ஆனால் மாதிரி எடுப்பதற்கு முன்பே குழாயைத் திறந்துவிட்டு ஓடவிடச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஓடவிட்டால் குழாயில் தேங்கிய ஈயம் போய்விடும். லீஆன் வால்டர்ஸ் என்ற தாய், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸோடு சேர்ந்தார். வீடுகளுக்கு 300 மாதிரிப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. பெரும்பாலானவை நிரம்பித் திரும்பி வந்தன. 2015 செப்டம்பரில் முடிவுகள் வெளியாயின. அடுத்த மாதமே பழைய நீர் ஆதாரத்துக்குத் திரும்பினார்கள். "அளந்தோம், சரியாக இருக்கிறது" என்ற பதில் உங்களுக்கும் வரும். எப்போது, எங்கே, எந்த முறையில் அளந்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் அளவை வலுப்படுத்த பக்கத்துக் கல்லூரியின் பொறியியல் துறையையோ வேதியியல் துறையையோ அணுகுங்கள். மாணவர்களுக்கும் அது நல்ல வேலை.

படி 6: யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு தெருவிலேயே சாலை ஒரு துறை, வடிகால் இன்னொரு துறை, மின்கம்பம் மூன்றாவது துறையாக இருக்கும். தவறான அலுவலகத்துக்கு எழுதிய மனு மாதக்கணக்கில் அலையும். அலுவலகத்துக்கு நேரில் போய், இந்தக் கோப்பு எந்த மேசையில் தொடங்கும், யார் கையெழுத்தில் முடியும், எந்த மாதத்தில் இதற்கு நிதி ஒதுக்குவார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு இடைநிலை ஊழியர் பொறுமையாகச் சொல்லித்தருவார். வரவுசெலவுத் திட்டம் முடிவாவதற்கு முன்பு வரும் மனுவுக்கும், முடிவான பிறகு வரும் மனுவுக்கும் ஒரு வருட வித்தியாசம்.

ஆவணம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 1766-இல் ஸ்வீடன் முதன்முதலாக இப்படி ஒரு சட்டம் இயற்றியது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. கருத்துக் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்பதற்குப் பதில் வராது. "இந்தத் தேதியிட்ட புகாரின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்" என்று கேட்டால் வரும்.

படி 7: கதவைத் தட்டுங்கள்

இருவர் இருவராகப் போங்கள். மாலை ஆறிலிருந்து எட்டுக்குள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு. கையில் மடலின் கடைசி இதழ் இருக்கட்டும். அதைப் பார்த்ததும் "ஓ, நீங்கள்தானா" என்று ஒரு புன்னகை வரும். அந்தப் புன்னகைக்குத்தான் ஆறு மாதம் உழைத்தோம்.

மனுவை உடனே நீட்டாதீர்கள். "வணக்கம், நாங்கள் மூன்றாவது தெருவில் இருக்கிறோம். பள்ளி வாசல் சாலையைப் பற்றி எல்லா வீட்டிலும் கேட்டு வருகிறோம். உங்களுக்கு அங்கே ஏதாவது சிரமம் உண்டா?" என்று தொடங்கி நிறுத்துங்கள். அவர் பேசட்டும். நீங்கள் பேசும் நேரத்தைவிட அவர் பேசும் நேரம் அதிகமாக இருந்தால் அந்தக் கதவு நல்ல கதவு. அவர் வேறொரு பிரச்சினையைச் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த இதழுக்கு ஆகும். பிறகு மனுவைக் காட்டுங்கள். கையெழுத்துப் போட்டவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "இருபதாம் தேதி கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் வர முடியுமா?" கையெழுத்து பலர் போடுவார்கள், வருபவர்கள்தான் இயக்கம்.

போட மாட்டேன் என்பவரிடம் வாதம் செய்யாதீர்கள். நன்றி சொல்லிவிட்டு மடலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சேகரித்த தொலைபேசி எண்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான், எந்தக் கட்சிக்கும் எந்தக் கடைக்கும் தரமாட்டோம் என்று தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த வாக்கை யார் வற்புறுத்தினாலும் மீறக் கூடாது.

படி 8: மனு, கூட்டம், நிருபர்

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன நடக்கிறது என்று மூன்று வரி, எண்ணிக்கை இரண்டு வரி, என்ன கேட்கிறோம் என்று ஒரு வரி, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று ஒரு வரி. படமும் வரைபடமும் இணைப்பில் இருக்கட்டும். நேரில் கொடுத்து, முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகையை வாங்காமல் அந்த வாசலை விட்டு நகராதீர்கள். அதன் படம் அடுத்த இதழில் வரட்டும்.

அதிகாரியோ வார்டு உறுப்பினரோ வரும் கூட்டத்துக்கு மூன்றே பேச்சாளர்கள், ஒருவருக்கு மூன்று நிமிடம். நாற்காலி குறைவாகப் போடுங்கள். ஐம்பது நாற்காலியில் முப்பது பேர் என்றால் வெறிச்சோடித் தெரியும். முடிவில் அவரிடம் ஒரே கேள்வி: "இதைச் செய்வீர்களா, எந்தத் தேதிக்குள்?" சொன்னதை அங்கேயே எழுதிப் படித்துக் காட்டுங்கள். மறுநாள் நன்றிக் கடிதமாக அதையே அனுப்புங்கள். வாய்வார்த்தை அப்படித்தான் ஆவணமாகும்.

நிருபருக்குத் தேவை எண்ணிக்கையும் முகமும் படமும். நெதர்லாந்தில் 1971-இல் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல் எழுதிய கட்டுரையிலிருந்து, "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பொருள் தரும் பெயரில் ஒரு இயக்கமே பிறந்தது. பெற்றோர்கள் தெருவை ஒருநாள் மூடி, மேசை போட்டு எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் நடுத்தெருவில் விளையாடினார்கள். வண்டி இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று காட்டியதைவிட வலுவான வாதம் ஏது? முறையான அனுமதி வாங்கி ஒரு மாலை இப்படிச் செய்ய முடியுமா என்று பாருங்கள். நிருபரை அந்த மாலைக்குக் கூப்பிடுங்கள்.

படி 9: எதிர்ப்பவர்களிடம் போங்கள்

எந்தக் கோரிக்கைக்கும் பகுதிக்குள்ளேயே எதிர்ப்பு இருக்கும். வேகத்தடை வந்தால் முதுகு வலிக்காரருக்குச் சிரமம். வண்டி நிறுத்தத் தடை வந்தால் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் குறையுமோ என்ற பயம். இவர்கள் நியாயமானவர்கள். இவர்களிடம் மனு கொடுப்பதற்கு முன்பே போக வேண்டும். சரக்கு இறக்க எந்த நேரம் தேவை என்று கடைக்காரரைக் கேளுங்கள், அந்த நேரத்தைக் கோரிக்கையிலேயே விலக்காகச் சேருங்கள். எதிர்ப்பவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும் சொற்களில் மடலில் போடுங்கள். நான் பார்த்த இயக்கங்களில் உடைந்துபோனவை பெரும்பாலும் வெளியிலிருந்து தோற்கவில்லை. ஒரு பக்கத்துத் தெருவைக் கலந்துகொள்ளாமல் அதன் மீது போக்குவரத்தைத் தள்ளியதால் உடைந்தன.

அரசியல்வாதிகள் மேடை கேட்பார்கள். எல்லாக் கட்சிக்கும் ஒரே அழைப்பு, ஒரே நேரம். சின்னமும் கொடியும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சுச் செலவுக்கு வீடுகளிடம் சிறு தொகை வாங்குங்கள், ஒருவரிடம் பெரிய தொகை வாங்காதீர்கள், ஒவ்வொரு இதழின் மூலையிலும் வரவு செலவை அச்சிடுங்கள்.

படி 10: பதில் வந்த பிறகும், வராதபோதும்

பதில் வராவிட்டால் அதே மனுவைத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. ஒரு படி மேலே உள்ள அதிகாரிக்கு, பழைய ஒப்புகையின் நகலோடு, இடைப்பட்ட நாட்களில் நடந்ததைச் சேர்த்து எழுதுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை என்றால் வேகம் வேறாக இருக்க வேண்டும். லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் தீ ஆபத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தார்கள். பேரழிவு ஒன்று நடந்தால்தான் நிர்வாகம் திருந்துமோ என்ற பொருளில் 2016 நவம்பரில் வெளிப்படையாகவே எழுதினார்கள். 2017 ஜூன் 14-ஆம் தேதி அந்தக் கட்டடம் எரிந்தது, 72 பேர் இறந்தார்கள். எழுதியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆகவே தீ, மின்கசிவு, இடியும் சுவர், கலங்கிய குடிநீர் போன்றவற்றில் மாத மடலுக்குக் காத்திருக்காதீர்கள், ஒரே அலுவலகத்தை நம்பியும் இருக்காதீர்கள். அன்றே தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, உள்ளாட்சி, வார்டு உறுப்பினர், இரண்டு பத்திரிகைகள் என எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். யார் யாருக்கு அனுப்பினோம் என்பதை எல்லாக் கடிதத்திலும் காட்டுங்கள்.

கேட்டது கிடைத்துவிட்டால் மடலின் முதல் பக்கத்தில் போடுங்கள். கையெழுத்துப் போட்ட அதிகாரி, வேலை செய்த தொழிலாளர்கள், கதவு கதவாகப் போனவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லுங்கள். மனுவில் கையெழுத்திட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த இதழ் கையில் போய்ச் சேர வேண்டும். அன்றே அந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று மறுபடி எண்ணுங்கள். வேகத்தடையின் வண்ணம் அழிந்திருக்கலாம், வடிகாலில் மறுபடி மண் சேர்ந்திருக்கலாம். அந்த எண்ணிக்கைக்கு அடுத்த இதழின் இரண்டாம் பக்கத்தில் நாலு வரி இடம் விட்டு வையுங்கள்.